பழைய புன்டோவும் பாதி விலைக் கணக்கும்

டிஸ்கி: இது கார் பதிவு. கார்னா நாலு சக்கரம், ஒரு ஏசி, போய்ச் சேர்ந்தா போதும்ங்கிற மக்கள் இப்பவே அப்பீட் ஆகிக்கலாம். கோவிச்சுக்க மாட்டேன் :-)

போன மாசம் ஒரு கல்யாணப் பந்தி. ரசத்துக்கும் மோருக்கும் நடுவுல பக்கத்து இலைக்காரர் ஆரம்பிச்சார். "ஏனுங்க, இன்னும் அந்த ஃபியட்டையேவா வச்சிருக்கீங்க?" ஆமாங்கன்னேன். "ரிப்பேருக்கு எவ்வளவு ஆச்சு?" சொன்னேன். "இப்ப வித்தா எவ்வளவு வரும்?" அதையும் சொன்னேன். மனுஷன் அப்பளத்தை நொறுக்கிட்டே தீர்ப்பு எழுதிட்டார்: "ரிப்பேர் செலவு வண்டி விலையில பாதியத் தாண்டினா தள்ளி விட்டுறணுமுங்க. இது ரூலுங்க." எதிர் வரிசையில இருந்த நாலு பேரும் தலையாட்டினாங்க. பரிமாற வந்த பையன்கூட ஆட்டின மாதிரி இருந்துச்சு.

இந்த ரூலை யார் போட்டாங்கன்னு அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன். ஆர்.டி.ஓ. போடல. இன்சூரன்ஸ்காரன் விபத்துல நொறுங்கின வண்டிக்கு முழு நஷ்டம்னு ஒரு கணக்கு வச்சிருக்கான். அது அவன் காசைக் காப்பாத்திக்க. அந்தக் கணக்கு எப்படியோ ஊருக்குள்ள வந்து, பாதியா உருமாறி, இப்ப நல்லா ஓடுற வண்டிக்கெல்லாம் மரண தண்டனை குடுத்துக்கிட்டிருக்கு. அதுவும் நம்ம மாதிரி ஆளுங்க வச்சிருக்கிற, கொஞ்சம் வேகமான, கொஞ்சம் பழசான சின்ன கார்களுக்குத்தான் முதல் தூக்கு. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல கட்சிக்காரரை அறிமுகப்படுத்திடுறேன். அபார்த் புன்டோ. 2015 அக்டோபர்ல இந்தியாவுல இறங்கினது. 1.4 லிட்டர் டி-ஜெட் டர்போ பெட்ரோல் என்ஜின், 145 பி.எச்.பி., 212 நியூட்டன் மீட்டர் டார்க், அஞ்சு கியர், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். நூறைத் தொட 8.8 விநாடின்னு கம்பெனி சொன்னது. அப்போ டெல்லி எக்ஸ்-ஷோரூம் விலை 9.95 லட்சம். பத்து லட்சத்துக்குள்ள அந்த சக்தி வேற எதுலயும் கிடையாது. மூக்குல தேள் படம் இருக்கும். கார்லோ அபார்த் விருச்சிக ராசிக்காரர், அதான். 1949ல ஆரம்பிச்ச கம்பெனி அது. நம்ம ஊர்ல "என்ன சார், தேளு ஒட்டியிருக்கீங்க, பூச்சி மருந்துக் கம்பெனியா?"ன்னு பெட்ரோல் பங்க்குல கேட்டிருக்காங்க. நிஜமாத்தான்.

நான் எடுத்தது 2016ல. இப்போ 94,000 கிலோமீட்டர். போன வருஷம் முன்னாடி சக்கரத்துல டொக்கு டொக்குனு சத்தம், கிளட்ச் மேல ஏறி வந்துடுச்சு, ஐடில்ல நின்னா டேஷ்போர்டு அதிர்ந்து கண்ணாடியில பிள்ளையார் ஆடுறார். ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல (பேரெல்லாம் வேண்டாம்) எஸ்டிமேட் கேட்டா 3.80 லட்சம். புஷ் போயிருந்தா ஆர்மை முழுசா மாத்தணும், ஹோஸ் கசிஞ்சா அசெம்பிளியையே மாத்தணும்ங்கிற கணக்கு. அந்தப் பேப்பரை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு நேரா எதிர்த்தாப்ல இருந்த எக்ஸ்சேஞ்ச் மேளாவுக்குப் போனேன். 2.75 லட்சம் தர்றேன்னாங்க. பாதி விலை ரூல்படி வழக்கு அங்கேயே முடிஞ்சது.

அப்புறம் கணபதி பக்கம் இருக்கிற ஒரு பட்டறைக்குப் போனேன். அந்த அண்ணன் என்கிட்ட ஒண்ணுமே கேக்கல. வண்டியை லிஃப்ட்ல ஏத்தினார், டார்ச்சைக் கையில குடுத்தார். "மேல பாக்காதீங்க சார். கீழ பாருங்க. தகரம் நல்லா இருந்தா மிச்சமெல்லாம் மாத்திக்கலாமுங்க." ஃப்ளோர், சப்ஃப்ரேம், ஸ்ட்ரட் டவர், கதவுக்கு அடியில இருக்கிற சில், எல்லா இடத்துலயும் ஸ்க்ரூடிரைவரால தட்டிக் காமிச்சார். கோயமுத்தூர் காத்துல உப்பு இல்ல. தகரம் அப்படியே இருந்துச்சு.

முடிவு எடுக்க வேண்டிய இடம் அந்த லிஃப்ட்டுக்கு அடியிலதான்னு அடிச்சு சொல்றேன். இ.எம்.ஐ. கால்குலேட்டர் முன்னாடியும் இல்ல, பந்தியிலயும் இல்ல. தகரத்துல துரு ஓட்டை, இல்ல வெள்ளத்துல மூழ்கின வண்டி, இல்ல மோதி ஃப்ரேம் வளைஞ்சு நிமிர்த்தினது, இந்த மூணுல ஏதாவது ஒண்ணுன்னா நான் ஒரு ரூபா போட மாட்டேன். எவ்வளவு பாசம் இருந்தாலும் சரி. 2015 டிசம்பர் வெள்ளத்திலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் சென்னையில எத்தனை வண்டி தண்ணிக்குள்ள நின்னுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். தண்ணி வடிஞ்சப்புறம் அதுல கொஞ்சம் மெழுகு போட்டு வேற ஊருக்குப் போய் வித்திருக்கு. அந்த வயரிங்கை வச்சுக்கிட்டு "ரெஸ்டோரேஷன்"னு இறங்கினா சொத்து போயிடும். பெசன்ட் நகர் கடலோரம் பத்து வருஷம் வெளியில நின்ன வண்டியும், சூலூர்ல ஷெட்டுக்குள்ள நின்ன வண்டியும் ஆர்.சி. புக்குல ஒரே வயசுதான். அடியில பார்த்தா அண்ணன் தம்பின்னே சொல்ல முடியாது.

சரி, தகரம் தேறிடுச்சு. இப்ப பாதி விலை ரூலுக்கு வருவோம்.

2.75 லட்சம்ங்கிறது என்ன? அது என் காரோட தரத்துக்குப் போட்ட விலை இல்ல. ஃபியட் 2019 வாக்குல இந்தியாவுல கார் விக்கிறதை நிறுத்திடுச்சு. பி.எஸ்.6 விதி 2020 ஏப்ரல்ல வர இருந்துச்சு, அதுக்கு அந்த என்ஜின்களை மாத்த அவங்களுக்கு வியாபாரம் இல்ல. ரஞ்சன்காவ் தொழிற்சாலையில அப்புறம் ஃபியட் கார் கிடையாது. கம்பெனி போனதும் செகண்ட் ஹேண்ட் விலை விழுந்துச்சு. என் வண்டி அந்த ராத்திரியில மெதுவாப் போக ஆரம்பிச்சுடுச்சா? பிரேக் பிடிக்காமப் போச்சா? வாங்கப் போறவனோட பயத்துக்குப் போட்ட விலை அது. அதை எடுத்து என் ரிப்பேர் பில்லுக்கு எதிர்ல தராசுல வச்சா எப்படிங்க நியாயம்? இதே லாஜிக்படி, கம்பெனி நாளைக்கே திரும்பி வந்து விலை அஞ்சு லட்சமா ஏறினா, அதே புஷ், அதே கிளட்ச் மாத்துறது திடீர்னு புத்திசாலித்தனமா ஆயிடும். கார் அதே கார்!

விக்கப் போறவனுக்கு அந்தக் கணக்கு சரி. 2.18 லட்சம் செலவு பண்ணி அடுத்த வாரமே விக்கப் போறேன்னா நான் முட்டாள்தான். ஆனா ஓட்டப் போறேன். நான் கேட்க வேண்டிய கேள்வி, இதுக்குப் பதிலா இதே வேலையைச் செய்யற இன்னொரு வண்டி எனக்கு என்ன விலைக்குக் கிடைக்கும்ங்கிறதுதான்.

இங்க நம்ம கட்சிக்காரங்க ஒரு தில்லுமுல்லு பண்ணுவாங்க, அதையும் போட்டு உடைச்சுடுறேன். "வெறும் ரெண்டு லட்சத்துல கார் புதுசாயிடுச்சு"ம்பாங்க. பொய். விக்காம விட்ட 2.75 லட்சமும் செலவுதான். ஆக எனக்கு ஆனது 4.93 லட்சம். அந்தக் காசுக்கு சந்தையில என்ன கிடைக்கும்? இன்னொருத்தர் ஓட்டின, எப்ப ஆயில் மாத்தினார்னு தெரியாத, மீட்டர்ல எத்தனை திருப்பினாங்கன்னு தெரியாத ஒரு ஏழெட்டு வருஷ வண்டி. அதுக்கும் புஷ் போயிருக்கும். அதுக்கும் கிளட்ச் வரும். என் வண்டியோட நோயெல்லாம் எனக்கு மனப்பாடம், அடுத்தவன் வண்டி நோயை நான் காசு குடுத்துப் புதுசா கத்துக்கணும்.

அப்ப புதுசு? போனேங்க. மனசைத் திறந்து வச்சுக்கிட்டே 2025 நவம்பர்ல போய் ஐ20 என் லைன் ஓட்டினேன். ஒரு லிட்டர் டர்போ, 120 பி.எஸ்., 172 நியூட்டன் மீட்டர். 2021ல வந்தப்ப கிளட்ச் பெடல் இல்லாத மேனுவல் ஒண்ணு குடுத்தாங்க. 2023ல அதைத் தூக்கிட்டு ஒழுங்கான ஆறு கியர் மேனுவல் வச்சாங்க, கோயில் கட்டிக் கும்பிடலாம். நல்ல கார். எகிறாம உக்காருது, மைலேஜ் என்னோடதைவிட நல்லாவே அதிகம், போன்ல இருந்து ஏசி போட முடியுது. விற்பனைப் பையன் சன்ரூஃபைத் திறந்து காட்டினப்ப நானும் அண்ணாந்து பார்த்தேன், இல்லேங்கல.

ஆனா கணக்கைப் பாருங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி வாங்கின வண்டியில 145 பி.எச்.பி. புதுசா வாங்கப் போறதுல, ரெண்டையும் ஒரே அளவுகோல்ல வச்சா, 118. டார்க்ல 40 நியூட்டன் மீட்டர் கம்மி. 2024ல டாடா இறக்கின ஆல்ட்ரோஸ் ரேசரும் அதே 120 பி.எஸ்.தான். பெலினோ ஆர்.எஸ். 2017ல வந்து பி.எஸ்.6ஓட காணாமப் போச்சு. போலோ 2022ல போயிடுச்சு. என்னைவிட வேகமா வேணும்னா? 2025 மே மாசம் கோல்ஃப் ஜி.டி.ஐ. வந்துச்சு, 265 பி.எஸ்., எக்ஸ்-ஷோரூம் 53 லட்சம். நடுவுல மினி கூப்பர் எஸ், அதுவும் 40 லட்சத்துக்கு மேல. பன்னெண்டு லட்சத்துல இருந்து ஒரே தாவல்ல நாப்பது. நடுவுல பாலமே இல்ல, பள்ளம்தான். "அப்கிரேடு பண்ணுங்க"ன்னு சொல்ற நண்பர்களே, எந்தப் படியில ஏறச் சொல்றீங்க?

பணத்தைப் பார்ப்போம். எக்ஸ்-ஷோரூம் 11 லட்சம்னு வச்சுக்குவோம். 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்ன பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக் குறைஞ்சது, அது உண்மையிலேயே நல்ல குறைப்பு, மறுக்கல. ஆனா 2023 நவம்பர்ல தமிழ்நாட்டுல வாகன வரி ஏறினதை ஷோரூம்ல யாரும் முதல்ல சொல்ல மாட்டாங்க. பத்து லட்சம் தாண்டினா 18 சதவீதம். கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் வரிக்கு மட்டும். நான் என் வண்டிக்கு 2016லயே ஆயுள் வரி கட்டி முடிச்சாச்சு. அந்த வரிக் காசுலயே என் சஸ்பென்ஷன், கிளட்ச், பிரேக், பெல்ட் எல்லாம் முடிஞ்சு மீதியும் வந்திருக்கும்.

கைக்காசு போக பத்து லட்சம் லோன், 9 சதவீதம், அஞ்சு வருஷம். மாசம் 20,758 ரூபா. அஞ்சு வருஷத்துல வட்டி மட்டும் 2.45 லட்சம். என்னோட மொத்த பில் 2.18. அதாவது நான் பேங்க்குக்குக் குடுக்கிற வட்டியிலயே ஒரு அபார்த்தை முழுசா எடுத்து நிறுத்திடலாம். இன்னொண்ணு: இன்சூரன்ஸ்காரங்களோட தேய்மானக் கணக்குல புது வண்டி நாலாவது வருஷம் முடிஞ்சு அஞ்சாவதுல போறப்ப அதோட மதிப்பு பாதி. பந்தியில எனக்குப் பாதி விலை ரூல் சொன்னவர் இந்தப் பாதியைப் பத்தி வாயே திறக்கலையே!

"பழைய வண்டி ஊரைக் கெடுக்குது"ங்கிற அடுத்த அம்பு. இதைச் சொல்றவங்க பாதிப் பேர் பெட்ரோலையும் டீசலையும் ஒரே பானையில போட்டுக் குழப்புறாங்க. பி.எஸ்.4 பெட்ரோல் காருக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 0.08 கிராம், பி.எஸ்.6ல 0.06. டீசலுக்கு 0.25ல இருந்து 0.08. பெரிய பாய்ச்சல் டீசல்லதான். நல்லாப் பராமரிச்ச பி.எஸ்.4 பெட்ரோல் வண்டியைக் கழிச்சுக் கட்டிட்டு, பல டன் கார்பன் கக்கி உருக்கின இரும்புல செஞ்ச புது வண்டி வாங்கறதுக்கு சுற்றுச்சூழலைக் கூப்பிட்டா அது சிரிக்கும். வருஷத்துக்கு 9,000 கிலோமீட்டர் ஓட்டுறவன் நான்.

"பதினஞ்சு வருஷம் ஆனா கவர்மென்ட் பிடுங்கிக்கும்." அது டெல்லிக் கதை. 2015ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018ல உச்ச நீதிமன்றம் வழிமொழிஞ்ச, தலைநகர் வட்டாரத்துக்கான தடை. தமிழ்நாட்டுல பதினஞ்சு முடிஞ்சா வண்டியைக் காமிச்சு, ஆர்.சி.யை அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். கட்டணம் 2022 ஏப்ரல்ல 600ல இருந்து 5,000 ஆச்சு, இருபது வருஷம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆச்சு. கசக்குது. ஆனா என் இ.எம்.ஐ.யில பாதி மாசம்!

எதிர்க்கட்சி வாதத்துல எனக்கு நெஜமாவே கொஞ்சம் வியர்த்தது எத்தனால்தான். பங்க்குல இப்ப வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். என் வண்டி அதுக்காகப் பிறந்தது இல்ல. மைலேஜ் குறையும்னு 2025 ஆகஸ்ட்ல பெட்ரோலிய அமைச்சகமே ஒத்துக்கிட்டது, பழைய வண்டிக்கு 3ல இருந்து 6 சதவீதம் வரைக்கும்னு. ரப்பர் சாமான்களை முன்கூட்டியே மாத்த வேண்டி வரலாம்னும் சொன்னாங்க. சரின்னு பெட்ரோல் லைன் ஹோஸ், சீல் எல்லாத்தையும் மாத்திட்டேன். கூலன்ட் ஹோஸும் சேத்து 14,000. இதுக்குப் பயந்து பதிமூணு லட்சம் செலவு பண்றது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தற கதை.

இப்ப நம்ம ஆளுங்க பக்கம் திரும்பறேன். ஆட்டோ வந்தாலும் பரவாயில்ல :-)

பழைய ஹாட் ஹேட்ச்சைக் கெடுத்ததுல பாதிப் பங்கு அதை நேசிக்கிறவங்களுக்குத்தான். கையில ஒரு லட்சம் வந்ததும் முதல் வேலை என்ன பண்றான்? என்ஜின் ரீமேப். லேப்டாப்பைச் சொருகி இருபது நிமிஷம், முப்பது குதிரை கூடிடுச்சுன்னு குதிக்கிறான். கீழ லோயர் ஆர்ம் புஷ் வெடிச்சுத் தொங்குது. கிளட்ச் ஏற்கெனவே வழுக்குது. என்ஜின் மவுன்ட் கிழிஞ்சு, கியர் போடுறப்ப என்ஜின் குதிச்சு சலாம் போடுது. அதுக்கு மேல முப்பது குதிரை! ரெண்டாவது வேலை, பிரேக் காலிப்பருக்கு செகப்பு பெயின்ட். உள்ள இருக்கிற ஃப்ளூயிட் நாலு வருஷப் பழசு, டீத்தண்ணி கலர்ல இருக்கு. மூணாவது, தெருவே எந்திரிக்கிற எக்ஸாஸ்ட். அப்புறம் கோத்தகிரி ரோட்டுல மூணாவது வளைவுல பிரேக் மணக்கும். "ஃபியட்டுன்னாலே இப்படித்தான் மச்சி"ன்னு ஓரங்கட்டிட்டு, விளம்பரம் குடுப்பான்: "அருமையா மாடிஃபை செஞ்ச வண்டி, மனசில்லாம விக்கிறேன்." இந்த வண்டிகளைப் பார்த்துத்தான் ஊர் பாதி விலை ரூல் பேசுது.

என் பில்லுல பளபளப்பா ஒண்ணும் கிடையாது. முன் ஸ்ட்ரட், பின் ஷாக், ஆர்ம், புஷ், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுன்ட் சேத்து 58,000. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் 17,000. இந்த பெல்ட்டைக் கிலோமீட்டர் பார்த்து மட்டும் மாத்தாதீங்க, வயசையும் பாருங்க. ரப்பர் ஷெட்டுல சும்மா நின்னாலும் கிழடாகும். ஓடறப்ப அறுந்துச்சுன்னா வால்வும் பிஸ்டனும் கைகுலுக்கிக்கிற அபாயம். கிளட்ச் 26,000. மவுன்ட் மூணு 16,000. முன் டிஸ்க், நாலு பக்கமும் பேடு, ஃப்ளூயிட் 19,000. டயர் 34,000. ஹோஸ் சொல்லிட்டேன். ஏசி கன்டென்சர் எஸ்டிமேட்லயே இல்ல, பாதியில ஓட்டையாச்சு, 11,000. லேபர் 23,000. கூட்டிப் பாருங்க, 2.18. இதுல டயரும் பெல்ட்டும் கிளட்ச்சும் பிரேக்கும் எந்தக் கார் வச்சிருந்தாலும் ஒரு நாள் வர்ற செலவு. புதுசு வாங்கினவருக்கும் வரும், தள்ளி வரும், அவ்வளவுதான்.

சாமான் கிடைக்குமா? பாதி சாமான் சாதா புன்டோவுக்கும் லினியாவுக்கும் பொது. லினியா டி-ஜெட்டுல இருந்ததும் இதே குடும்பத்து என்ஜின்தான். வெளிநாட்டுல அபார்த் 595, 695 வரைக்கும் 1.4 டி-ஜெட் ஓடியிருக்கு, ஆக என்ஜின் சாமானுக்கு உலகமே கிடங்கு. ஆனா ஒரு மவுன்ட்டுக்கு நான் அஞ்சு வாரம் காத்திருந்தேன். அஞ்சு வாரம் டவுன் பஸ்லயும் தங்கமணியோட ஸ்கூட்டர் பின்சீட்லயும் ஆபீஸ் போனேன். வீட்டுல ஒரே கார், தினம் அறுபது கிலோமீட்டர் வேலைக்குப் போகணும், லீவு போட முடியாதுங்கிறவங்க இந்தப் பதிவை நம்பி இறங்காதீங்க. கதவு பீடிங், விளக்கு, பம்பர் மாதிரி அபார்த்துக்கே உரிய மேல்சாமான்தான் நிஜமான தலைவலி. மோதாம ஓட்டுறது தவிர அதுக்கு மருந்து இல்ல.

வேலை முடிஞ்ச அன்னிக்கு அந்த அண்ணன் சாவியைக் குடுக்காம அவரே ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தார். "சார், ஸ்டியரிங்கு பேசுதுங்க." அதுதான். இந்த வண்டி பவர் ஸ்டியரிங் எண்ணெய்ல ஓடறது, கரன்ட்ல இல்ல. மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி ரோட்டுல விடிகாலையில ஏறினா, ரோட்டுல எங்க மணல் கிடக்கு, எங்க ஈரம்னு கைக்கு வந்து சொல்லும். பதிமூணு லட்சம் குடுத்தாலும் அதை இப்ப யாரும் விக்கறதில்ல. செட்டிபாளையத்துல கரி ஸ்பீட்வே, அவினாசி ரோட்டுல ஜி.டி. நாயுடு பேர்ல பாலம், கார் மியூசியம்னு வச்சிருக்கிற ஊருங்க இது. மோட்டாரைப் பிரிச்சு மாட்டியே பேர் வாங்கின ஊர்ல உக்காந்துக்கிட்டு, புஷ் போனதுக்கு வண்டியை விக்கச் சொல்றாங்க.

இவ்வளவும் அடுக்கினேன், தங்கமணிகிட்ட. பொறுமையாக் கேட்டுட்டு ஒரே கேள்வி: "பொண்ணு அடுத்த வருஷம் லைசென்ஸ் எடுக்கப் போறா. ரெண்டே ரெண்டு ஏர்பேக் இருக்கிற வண்டியையா அவ கையில குடுப்பீங்க?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. 2.18 லட்சத்துக்கு எந்தப் பட்டறையிலயும் ஏர்பேக் முளைக்காது. ஈ.எஸ்.சி. இல்ல, வழுக்கினா பிடிச்சு நிறுத்தறது என் கால் மட்டும்தான். இருபது வருஷம் ஓட்டின என் காலுக்கே சில நாள் சந்தேகம் வரும். "நாங்கெல்லாம் அம்பாசடர்ல பழகினவங்க"ன்னு ஆரம்பிச்சேன், அவ பார்த்த பார்வையில நிறுத்திட்டேன். பழைய வண்டி பிரியர்கள் இந்தக் கேள்வியைக் கிண்டல் பண்ணித் தாண்டிப் போறதைப் பார்த்திருக்கேன். அது தப்பு, நானும் அதைப் பண்ணியிருக்கேன்.

ஆனா ரெண்டு நாள் கழிச்சு உறைச்சது. பொண்ணுக்கு வேண்டியது ஆறு ஏர்பேக்கும் ஈ.எஸ்.சி.யும். அதுக்கு எதுக்கு என் லைன்? 2024ல வந்த ஸ்விஃப்ட்ல அடிமட்ட மாடல்லயே ரெண்டும் இருக்கு. 2025 ஜி.எஸ்.டி. குறைப்புக்கு அப்புறம் ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ ஆரம்பிச்சது. வரியும் 13 சதவீதத்தோட நிக்கும். பாதுகாப்பும் வேகமும் ஒரே கார்லதான் வேணும்னு யார் சொன்னா? "எல்லாத்தையும் ஒண்ணுல குடுக்கறோம்"னு ஷோரூம்ல சொல்றான், நாம நம்பி ரெண்டையும் அரைகுறையா வாங்கிட்டு வர்றோம். என் லைன் வாங்கியிருந்தா லோன் கழுத்துல இருக்கும், அவளுக்குன்னு இன்னொரு வண்டியை நினைச்சே பார்க்க முடியாது. இப்ப மாசாமாசம் அந்த இ.எம்.ஐ.யில பாதியைத் தனியா எடுத்து வைக்கிறேன். லைசென்ஸ் வர்றப்ப முன்பணம் தயாரா இருக்கும். அதுவரைக்கும் தேள் சாவி என் பாக்கெட்டுலதான். அவளை அதுல பழக விடறதில்லைன்னு தங்கமணிக்கு வாக்குக் குடுத்தாச்சு. பொண்ணுக்குத்தான் செம கோபம். நாலு நாளா "அப்பா, ஒரே ஒரு ரவுண்டு"ன்னு நச்சரிக்கிறா. ரத்தம் அப்படி.

பந்தி நண்பர் இதைப் படிப்பார்னு தெரியும். அண்ணே, ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு உங்க வீட்டு வாசல்ல நிக்கிறேன். கோத்தகிரி போய் டீ குடிச்சுட்டு ஒன்பது மணிக்கெல்லாம் திரும்பிடலாம். பெட்ரோல் என் செலவு. எத்தனால் கலந்ததுதான் :-)

பி.கு: பின்பக்கம் வலது கதவு பீடிங் ஒண்ணு கிழிஞ்சு போச்சு. சாதா புன்டோ பீடிங் பொருந்துதான்னு மாட்டிப் பார்த்தவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. புதுப்பேட்டைப் பக்கம் போற மக்கள் கண்ணுல பட்டா ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, புண்ணியமாப் போகும்.